அவிழாத முடிச்சு

ஒரு பெருச்சாளி பாய்மரப் படகு வாங்கியது. வேலைக்கு ஒரு நண்டைச் சேர்த்துக்கொண்டது. பாயை ஏற்றி இறக்குகிற கயிற்றை மட்டும் பெருச்சாளி தன் கையாலேயே கட்டியது. சுற்றி, நுழைத்து, மறுபடி சுற்றி, கல்யாணப் பெண்ணின் சடை மாதிரி ஒரு முடிச்சு. கரையில் நின்ற கொக்குகள் வாய்பிளந்து பார்த்தன.

"ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி போடுங்க முதலாளி. காற்று திரும்பினால் பாயை உடனே இறக்கணும்," என்றது நண்டு.

"அது கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு," என்றது பெருச்சாளி.

நடுக்கடலில் காற்று திரும்பியது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீரை மொண்டது. பெருச்சாளி முடிச்சோடு மல்லுக்கட்டியது. நனைந்த கயிறு இன்னும் இறுகியதே தவிர இளகவில்லை.

"பல் இருக்கே, கடிச்சிடுங்க," என்று நண்டு கெஞ்சியது.

"இதையா? மறுபடி இப்படி அமையுமா?"

இடுப்பளவு தண்ணீரிலும் முதலாளியின் கலை ரசனைக்குக் குறைவில்லை. நண்டுக்கோ உயிர் பதறியது. பாய்மரத்தில் தொற்றி ஏறி, முடிச்சுக்கு மேலே கயிற்றைக் கொடுக்கால் நறுக்கியது. பாய் சரிந்து விழ, படகு நிமிர்ந்தது. தண்ணீரை இறைத்து இறைத்து, இரண்டும் எப்படியோ கரை சேர்ந்தன.

கொக்குகள் கூடின. பெருச்சாளி முடிச்சைத் தொட்டுக் காட்டியது.

"அடித்த காற்றில் கயிறே அறுந்துபோச்சு. முடிச்சு அசைந்ததா பாருங்க."

"எல்லாம் கைராசி," என்றன கொக்குகள்.

நண்டு தன் கொடுக்கில் ஒட்டியிருந்த கயிற்று நாரை மெதுவாகத் துடைத்துக்கொண்டது.