பன்னிரண்டேகால் கப்பல்

முன்னால் நின்ற கார் கப்பலுக்குள் போய்விட்டது. அடுத்தது அவருடையது.

அவர் எஞ்சினை அணைத்தார்.

கப்பல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சும்மா வாயில்லை. ஊர்க் கோயில் தேரைக் கொண்டுவந்து உருட்டிவிட்டால், முடி உரசாமல் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியும் வரும். நம்பாதவர்கள் டென்மார்க்கின் வடக்கு முனைக்குப் போய் அளந்து பார்க்கலாம்.

அக்கரையில் நோர்வே. மூன்றேகால் மணி நேரக் கடல். இறங்கினால் பத்து நிமிடத்தில் ஆசுபத்திரி.

அங்கே அவருடைய தம்பி குகனேசன் செத்துக்கொண்டிருந்தான்.

"ஏனப்பா நிப்பாட்டினியள்?" என்றாள் மனைவி இராசமலர்.

"இராகு காலம்."

அவள் கைப்பையிலிருந்து கலண்டர்த் தாளை எடுத்தாள். முப்பது வருடமாக அந்த வீட்டில் இராகு காலம் பார்ப்பவள் அவள். அதைச் சொல்லிச் சிரிப்பவர் அவர்.

"வெள்ளிக்கிழமை பத்தரையிலையிருந்து பன்ரண்டு. கப்பல் பன்ரண்டேகாலுக்கு. பாத்துத்தானே ரிக்கற் எடுத்தனான்?"

"அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு. இது டென்மார்க்குச் சூரியன்."

கணக்கில் பிழையில்லை. இராகு காலம் பகலில் எட்டில் ஒரு பங்கு. ஊரில் பகல் பன்னிரண்டு மணி நேரம். பங்கு ஒன்றரை மணி. இங்கே ஆனி மாதத்தில் சூரியனுக்கு வீடு வாசல் கிடையாது. காலை நாலு இருபதுக்கு வந்தால் இரவு பத்து இருபது வரை நின்று பல்லிளிக்கும். பதினெட்டு மணி நேரப் பகல். பங்கு இரண்டேகால் மணி. வெள்ளிக்கிழமை இராகு பதினொன்று ஐந்துக்கு வந்து ஒன்று இருபதுக்குப் போகும். இன்னும் வடக்கே போனால் சூரியன் மறைவதேயில்லை. அங்கே இராகு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும். அந்தத் தமிழர்கள் எப்போதுதான் கடைக்குப் போகிறார்களோ.

பெற்றோல் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் வகுத்து வைத்திருந்தார்.

வீட்டை விட்டுப் புறப்பட முன்பே.

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். மஞ்சள் மேலங்கிக்காரன் ஒருவன் கையை வீசிக்கொண்டு வந்தான். அவனுக்கு இராகுவை விளங்கப்படுத்த அவரிடம் மொழி இல்லை. இறங்கி, பொனற்றைத் திறந்து, உள்ளே குனிந்து நின்றார்.

ஒரு குறையும் இல்லாத எஞ்சின். எண்ணூறு கிலோமீட்டர் ஓடி வந்தது. வேகக் கட்டுப்பாடே இல்லாத ஜெர்மன் நெடுஞ்சாலையில் எண்பதில் ஓட்டினால் எந்த எஞ்சினும் களைக்காது.

மஞ்சள் மேலங்கிக்காரன் மேலும் மூன்று பேரைக் கூப்பிட்டான். இராசமலர் உள்ளே இருக்க, நாலு பேரும் காரைத் தள்ளி ஓரம் விட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார்.

கப்பல் வாயை மூடிக்கொண்டு போனது.

அடுத்தது இரவு எட்டே முக்காலுக்கு.

முந்தாநாள் தம்பியின் மகள் நிலானி தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: "அப்பா கதவையே பாத்துக்கொண்டிருக்கிறார், பெரியப்பா. உங்களோடை ஒண்டு கதைக்கவேணுமாம். எங்களுக்கு முன்னாலைதான் கதைப்பாராம்."

எங்களுக்கு முன்னால்.

எண்ணூறு கிலோமீட்டரும் அவர் அதைத்தான் மென்றுகொண்டு வந்தார்.

1991 தை மாதம். ஜெர்மனிக்குள் களவாகக் கடக்கும் செக் எல்லைக் காடு. முழங்கால் வரை பனி. தம்பிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. தூரத்தில் நாய் குரைத்தது.

"நீ இதிலை இரு. ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

கூட்டிக்கொண்டு வரவில்லை.

விடிய, தம்பியை எல்லைப் பொலிஸ் தூக்கிக்கொண்டு போனது. கால்விரல் இரண்டு பனியோடு போனது. கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். இறங்கிய இடத்திலேயே சிறை. ஆறு வருடம் கழித்து, வேறொரு வழியாக, அவன் நோர்வேக்கு வந்து சேர்ந்தான்.

அதன் பிறகு மாதம் ஒரு தொலைபேசி. அங்கே குளிரோ. இங்கேயும் குளிர்தான். நோர்வேக்குப் போகலாம் என்று இராசமலர் வாய் திறக்கும்போதெல்லாம் அவருக்கு முழங்காலில் நோ வந்தது.

அவளுக்கு அந்தக் காடு தெரியாது.

ஒன்று இருபதுக்கு இராகு போனது. அவர் நேரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கடலில் ஒன்றும் இல்லை. இராசமலர் புளிச்சோற்றுப் பொதியை அவிழ்த்தாள். அவர் இரண்டு பொதி சாப்பிட்டார்.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. நிலானியின் குரல் காரின் ஒலிபெருக்கியில் வந்தது. அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"அப்பா போயிட்டார், பெரியப்பா. நாலரைக்கு."

பன்னிரண்டேகால் கப்பலில் ஏறியிருந்தால், நாலரைக்கு அவர் கட்டிலோரத்தில் முக்கால் மணி நேரம் இருந்திருப்பார்.

இராசமலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு ஒருக்காச் சொல்லவேணும் எண்டு கடைசி ஆசை அவருக்கு. நாங்கள் சின்னனிலையிருந்து கேட்ட கதைதான். அந்தக் காட்டுக்குள்ளை, பனிக்குள்ளை, நீங்கள் அவரைத் தோளிலை தூக்கிக்கொண்டு விடியவிடிய நடந்தது. பொலிஸ் வர, அப்பாதான் உங்களை ஓடச் சொன்னவராம். நீங்கள் மாட்டன் எண்டு நிண்டனீங்களாம்."

இராசமலர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

"செத்தவீட்டிலை நீங்கள்தான் அதைச் சொல்லவேணும், பெரியப்பா. எல்லாரும் கேக்கினம்."

அவர் தொண்டையைச் செருமினார்.

"எந்தத் தோள் எண்டு சொன்னவன், பிள்ளை?"