கன்பூசியஸின் குழி

குழிக்குள் எதுவும் இல்லை.

எலும்பு இல்லை. பெட்டி இல்லை. ஒரு பல்கூட இல்லை. ஈர மண் மட்டும்.

அவள் திரும்பவும் பார்த்தாள். மண்தான்.

சுற்றிலும் அவளோடு வந்த மாணவர்கள். எல்லோர் கையிலும் சிவப்புப் பட்டை. பழையதையெல்லாம் ஒழிக்கும் புரட்சி என்று, கன்பூசியஸைத் தோண்டி வீதியில் எறிய ரயிலேறி வந்தவர்கள்.

உயிரோடு இருந்தபோது அவர் நாடு நாடாக அலைந்தார். எந்த அரசனும் அவரை நிலையாக வைத்துக்கொள்ளவில்லை. செத்தபின் பேரரசர்கள் வந்து இந்தக் கல்லறை மேட்டின் முன் விழுந்தார்கள்.

இப்போது மேடும் இல்லை.

அவளும் அவர் வம்சம்தான். கோங். போன மாதம்தான் அந்தக் குடும்பப் பெயரை உதறிவிட்டு வேறொன்றை வைத்துக்கொண்டாள். குழுவில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இந்த விளிம்பில் அவளும் மண்டியிட வேண்டும்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் மண்டியிட்டிருந்தார். கல்லறையைப் பெருக்கும் கிழவர். கழுத்தில் குற்றம் எழுதித் தொங்கவிட்ட அட்டை. அவரும் கோங்.

அவள் இன்னும் குனிந்தாள். காலடி மண் சரிந்தது.

"அத்தை! பாத்து நில்லுங்க!"

கிழவரின் குரல்.

 மாணவர்கள் வெடித்துச் சிரித்தார்கள்.

"பல்லுப் போன கெழவனுக்குப் பதினேழு வயசுல அத்தையா? ஏண்டி, சொல்லவே இல்ல?" என்றான் தலைவன் வெய்.

அவளும் சிரித்தாள்.

அந்த வம்சத்தில் வயது கணக்கில்லை. தலைமுறைதான் கணக்கு. அவள் அப்பா கிழவருக்குத் தாத்தா முறை.

கிழவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் உடம்பு பழகியதைச் செய்தது. நெற்றி மண்ணில் பட, அவளை நோக்கி விழுந்தார்.

"போதும்டா நாடகம். எந்திரிச்சு ஓடு," என்றான் வெய்.

எழவில்லை.

உதைத்தார்கள். எழவில்லை.

வெய் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூத்த முறைக்காரர் சொல்லாமல் எழக்கூடாது. சிறுமியாக வசந்தத்தில் முன்னோரைக் கும்பிட இங்கே வரும்போதெல்லாம் அவள்தான் இந்தக் கிழவரை எழச் சொல்வாள். ஒருமுறை மறந்துபோய்ப் பட்டம் விட ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோதும் அவர் அப்படியே கிடந்தார்.

மண்வெட்டி உயர்ந்தது.

"எந்திரி," என்றாள் அவள்.

கிழவர் எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டினார். கைகட்டி, அவள் பக்கம் திரும்பி நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை.