அக்டோபர் முப்பத்தொன்று, பாய் குரலில்

"வணக்கம் திருத்தணி. மைக் டெஸ்டிங். இன்று அக்டோபர் முப்பத்தொன்று. இதே நாளில் பாட்டு உலகத்திலே இன்னா நடந்துச்சுன்னா..."

கந்தன் அண்ணன் டீக்கடையில் நின்றுகொண்டு நான் இப்படி ஆரம்பித்ததும் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். அங்கே சர்தார் பாயின் சவுண்டு சர்வீஸ் கடை. ஷட்டர் மூடியிருந்தது.

"டேய் கௌதமா, நீயா?"

நான்தான். பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டர், எங்கள் ஹெட்மாஸ்டர், கோயில் மைக்கில் செருப்பை ஓரமாக விடச் சொல்கிறவர், எல்லார் குரலும் என்னிடம் இருக்கிறது. அதில் பாய் குரல்தான் முதல் தரம்.

பாய் கடை திறந்ததும் மைக்கைப் பிடிப்பார். அன்றைய தேதியில் பாட்டு உலகில் நடந்த ஒன்றைச் சொல்லி, ஒரு பாட்டைப் போட்டுவிட்டுத்தான் வியாபாரம். சொன்னதை அப்படியே வாட்ஸ்அப்பில் ஓசூரில் இருக்கும் மகள் நஸியா அக்காவுக்கும் அனுப்புவார். வருஷம் மட்டும் பாதி நாள் தப்பாக இருக்கும். யாராவது கேட்டால், "பாட்டு நல்லா கேக்குதா, அத்த மட்டும் பாரு" என்பார்.

"தொண்டைல ஆபரேஷன் ஆயி, இனிமே குரலே வராதுன்னு அந்த மனுசன் ஒக்காந்துகினு இருக்காரு. உனக்கு அவர வச்சி நக்கலா?" என்றார் கந்தன் அண்ணன்.

"உங்க வடைய வச்சிகூடத்தான் நக்கல் பண்றேன். அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே."

பின்னாலிருந்து ஒரு கை என் காதைப் பிடித்தது. பாய் சம்சாரம் ஷரீபுன்னிசா ஆன்ட்டி.

"நல்லா ரெண்டு போடுங்கம்மா" என்றார் கந்தன் அண்ணன்.

ஆன்ட்டி கடைக்குப் பின்னால் இருக்கும் வீடு வரைக்கும் காதோடு இழுத்துப் போய், உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். கட்டிலில் பாய். கழுத்தில் வெள்ளைத் துணி.

"ஆன்ட்டி, சும்மா வெளையாட்டுக்கு..."

"இன்னொரு வாட்டி பேசு."

"இனிமே பேச மாட்டேன் ஆன்ட்டி."

"பேசுடான்றேன். அவரு மாதிரி."

பேசினேன். ஆன்ட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நஸியாவுக்கு எட்டாம் மாசம். பி.பி. ஏறிகினே போவுது, கட்டிலை விட்டு எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு. ஆபரேஷன் ஆனது அவளுக்குத் தெரியாது. சளி கட்டிக்கினு பேச முடியலைன்னு சமாளிச்சிகினு இருந்தேன். இன்னிக்கும் அப்பா குரல் வரலைன்னா பஸ் ஏறிடுவேன்னுட்டா."

பாய் எழுந்து போய்த் தன் மைக்கை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை கேட்டாலும் கொடுக்காத மைக் அது.

இன்றைக்கு உரிய விஷயம் பாட்டோடு முதல் தமிழ்ப் பேசும்படம் வந்தது. ஆன்ட்டிக்கே மனப்பாடம். வருஷத்துக்குப் பாய் விரலைக் காட்டினார். முதலில் நான்கு, பிறகு ஒன்று.

"நாப்பத்தொண்ணா?" போனில் பார்த்தேன். "தப்பு பாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு."

பாய் சுவரில் இருந்த காலண்டரைத் தட்டிக் காட்டிவிட்டுக் கையை விரித்தார். மறுபடியும் நான்கு விரல்.

"தேதியும் முப்பத்தொண்ணு, வருஷமும் முப்பத்தொண்ணான்றாரு" என்றார் ஆன்ட்டி.

"நீங்க சும்மா இருங்க பாய். ஏமாத்தற வேலைல ஒரு தப்பு இருக்கக் கூடாது."

தொண்டையைச் செருமினேன். நடுவில் அவர் இழுக்கும் 'ஆங்', கடைசியில் விடும் மூச்சு, ஒன்றையும் விடவில்லை. பாயே வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

அனுப்பியதும் பதில் வந்தது. நஸியா அக்கா குரல்.

"அப்பா, இப்பத்தான் உயிர் வந்துச்சு. நான் எங்கியும் வரல. நாளைக்கும் அனுப்பு."

ஆன்ட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாய் என் முதுகில் தட்டினார். அப்பளம்போல நொறுங்கியிருப்பேன்.

வெளியே வந்தேன்.

"வாங்கினியா?" என்றார் கந்தன் அண்ணன்.

"வாங்கினேண்ணா" என்று காதைத் தடவிக்கொண்டேன்.

தெருமுனை தாண்டவில்லை, போன் அடித்தது. நஸியா அக்கா.

"கௌதமா, எங்க அப்பாவுக்கு இன்னாடா ஆச்சு?"

"பாய்க்கு இன்னாக்கா, ஜம்முனு..."

"நான் பாவாட போட்ட காலத்துலருந்து இந்தத் தேதிக்கு அவரு நாப்பத்தொண்ணுன்னுதான் சொல்வாரு. எத்தினியோ சண்ட போட்டுப் பாத்துட்டேன், மாத்திக்கல. இன்னிக்கு சரியா சொல்லிக்கிறாரு. அவரு குரல்ல பேச உன்ன விட்டா யாரு இருக்கா? உண்மையச் சொல்லு."

என்னிடம் இருந்த எந்தக் குரலும் கைகொடுக்கவில்லை. சொந்தக் குரலில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்லக்கா. கட்டிய எடுத்துட்டாங்க. குரல் மட்டும்தான் போச்சு."

"சரி. எனக்குத் தெரிஞ்சது அவங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம். நான் ஏமாந்துட்டேன்னு நெனச்சிகினு நிம்மதியா தூங்கட்டும்."

"அப்போ நாளைக்கு அனுப்ப வேணாமாக்கா?"

"அனுப்புடா. வருஷத்த மட்டும் அப்பா சொல்றபடியே தப்பா சொல்லு. குரல் அப்படியே அவருதுதான், அந்தத் தப்பு இல்லாமத்தான் எனக்கு அப்பா பேசற மாதிரி இல்ல."