கயிற்றில் வந்த படகு

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். தோணியில் உட்கார்ந்திருந்த அபூபக்கருக்குப் பெருமை பிடிபடவில்லை.

நாலு நாளைக்கு முன் வடக்கே போகும்போதும் இதே குப்பத்தில் இறங்கினான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, துர்க்கராயபட்டினத்தில் பாய்ப்படகு வாங்கப் போகிறேன் என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னான். அன்றைக்கு ஒருவரும் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சொந்தப் படகு வந்துவிட்டால் மரியாதையும் கூடவே வந்துவிடுகிறது!

திரும்பிப் பார்த்தான். தோணிக்குப் பின்னால், கயிற்றின் முனையில், அவனுடைய படகு ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. யாரோ பத்து வருஷம் ஓட்டிவிட்டு விற்ற படகுதான். பாய்மரத்தில் விரிசல், அடிப்பலகையில் ஒழுகல். ஊர் போய் ஆசாரி கை வைத்தால்தான் பாய் ஏற்ற முடியும். அதுவரை பழவேற்காட்டு ஏரி நெடுக இழுத்துத்தான் போக வேண்டும்.

மரியாதையை நின்று அனுபவிக்க நேரமில்லை. இன்று வியாழன். நாளை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பழவேற்காட்டில் சுராயாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

சுராயாவின் தகப்பனார் முகம்மது இஸ்மாயில் மரைக்காயர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். டச்சுக்கார ஒல்லாந்தர் கப்பல் கடலில் வந்து நிற்கும்போது, துணி மூட்டை ஏற்ற அடுத்தவன் படகுக்குக் கை கட்டி நிற்பவனுக்குத் தன் மகள் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் படகோடு வந்தால் அபூபக்கர். வராவிட்டால், வீட்டில் நாலு படகு வைத்திருக்கும் அப்துல் ஹை. சுராயாவின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. புறப்படும் அன்று ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து, “பத்திரமா வாங்க” என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது. அதற்கே அவனுக்கு நாலு நாளாகத் தூக்கமில்லை.

“மரைக்காயரே, நீங்க அந்தப் படகுல ஏறிக் குந்திக்கினு வாங்களேன்” என்றார் தோணிக்காரர் சிங்காரம் அபூபக்கரிடம். காலையிலிருந்து இது மூன்றாவது முறை. “வெறும் படகைக் கட்டி இழுத்துக்கினு போறது நல்லாவா இருக்குது?”

“அது ஒழுகுதுண்ணே. சேறும் சகதியுமா மாமு வூட்டு வாசல்ல போயி நிக்கச் சொல்றீங்களா?”

“அதுக்கில்ல. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க...”

“இன்னா வேணா நெனைச்சிக்கட்டும். நீங்க கழியப் போடுங்க.”

சிங்காரம் கழியைப் போட்டார். கூலிக்கு வந்தவர் எத்தனை தடவைதான் சொல்வார்? அபூபக்கர் வெயிலுக்கு ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சிங்காரத்துக்கும் அவர் ஆட்களுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

உச்சிப் பொழுதில் தெற்குக் காற்று எதிர்த்தது. அதோடு விட்டதா? படகு ஒரு மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். அபூபக்கர் படகோடு பேசினான், கெஞ்சினான், கடைசியில் திட்டவும் செய்தான்.

கரையோரமாக மீன்கூடைகளோடு அந்தக் குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் பழவேற்காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். படகைப் பார்த்ததும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எல்லோரும் ஓட்டமும் நடையுமாக மறைந்துவிட்டார்கள். கூடை சுமக்கிற பெண்களின் வேகம்கூடத் தனக்கு வாய்க்கவில்லையே என்று அபூபக்கருக்கு அழுகையே வந்தது.

படகு திட்டை விட்டு இறங்கவே பொழுது விடிந்துவிட்டது. பழவேற்காட்டுத் துறையைத் தொட்டபோது வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெகுநேரமாகியிருந்தது. ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. கயிற்றைக் கட்டக்கூட நிற்காமல், முழங்கால் சேற்றோடு அபூபக்கர் ஓடினான்.

இஸ்மாயில் வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திரை இறக்கிய மாட்டுவண்டி ஒன்று புறப்படத் தயாராக நின்றது. மாப்பிள்ளை உடுப்பில் அப்துல் ஹை அதில் ஏறப்போனான். அபூபக்கரைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. உள்ளே ஏறித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டான். வண்டி நகர்ந்தது.

அந்தத் திரைக்குள் இன்னொருத்தியும் இருப்பாள் என்ற நினைப்பில் அபூபக்கர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இஸ்மாயில் வெளியே வந்தார். வந்தவர் குனிந்து அவன் தோளைத் தொட்டார். கன்னத்தைத் தொட்டார். கதவோரம் அவர் மனைவி கைருன் பீவி விசும்பிக்கொண்டிருந்தாள்.

“படகு வந்துடுச்சி மாமு” என்றான் அபூபக்கர். “நான்தான் பிந்திட்டேன்.”

“படகாம் படகு. ஆளில்லாத படகைக் கயித்துல கட்டி இழுத்துக்கினு வந்தா குப்பத்துல இன்னா அர்த்தம்னு தெரியுமாடா? அதுக்குச் சொந்தக்காரன் தண்ணியோட போயிட்டான்னு அர்த்தம். மீன்காரப் பொம்பளைங்க நேத்து சாயங்காலமே வந்து, நீ போயிட்டேன்னு அழுதுட்டுப் போனாங்க.”

அபூபக்கர் தலை நிமிரவில்லை. “அதான் நிக்காஹ முடிச்சிட்டீங்களா மாமு?”

“நிக்காஹ் எப்ப முடிஞ்சிதுன்னு நான்தான்டா உன்னக் கேக்கணும்” என்றார் இஸ்மாயில். “புருஷன் மவுத்தானவளாட்டம், இன்னொரு நிக்காஹ் கூடாதுன்னு அறைக்குள்ள அடைஞ்சிக்கினு, எம்மவ நேத்திலேர்ந்து உனக்கு இத்தா இருக்கா.”