நாலு தட்டு

பதினொரு வருடமாக நோர்வேயில் மீன் வெட்டும் புனிதவதிக்கு நிரந்தர வதிவுரிமை கிடைக்க வேண்டுமென்றால், மொழி வகுப்பு ஆசிரியை கையெழுத்துப் போட வேண்டும். ஆசிரியை பலகையில் ‘இன்தெக்ராஷூன்’ என்று எழுதினாள். சேர்ந்து வாழ்தல் என்று பொருளாம். அசைக்கு ஒன்றாக நாலு தட்டு தட்டச் சொன்னாள். நரைத்த தலைகளெல்லாம் பாலர் வகுப்புபோல் கைதட்டின.

"இந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்த விருந்தாளி. இன்று எங்கள் வீட்டுப் பிள்ளை," என்று ஆசிரியை பூரித்துப்போனாள்.

புனிதவதியின் கைகள் மடியிலேயே கிடந்தன.

"தட்டுங்கோ அக்கா, இல்லாட்டி மனிசி கையெழுத்து வைக்காது," என்று பக்கத்திலிருந்த தயாநிதி கிசுகிசுத்தான்.

புனிதவதி எழுந்தாள். "டீச்சர், அந்தப் பிள்ளை எந்தச் சோதினை பாஸ் பண்ணினது? அதின்ர சேர்டிபிகேட்டைக் காட்டுங்கோ, நான் தட்டுறன்."

ஆசிரியை பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். தட்டு நாலோடு நிற்கவில்லை.