வலது கீழ் மூலை

“ஒரு அஞ்சு மில்லிமீட்டர் விட்டுக் கொடுத்தா குடியா முழுகிடும் சார்?”

மேலதிகாரி அசைந்து கொடுக்கவில்லை. கேட்டவள் பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் வளாக மேப் வரைகிறவள். அவரோ லோகோவை எங்கே, எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று சொல்லும் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆபீசில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர்.

லோகோ வலது கீழ் மூலையில்தான் இருக்க வேண்டும். அதைச் சுற்றி அதன் உயரத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். அதற்குள் ஒரு புள்ளிகூட வரக் கூடாதாம்.

அவளுக்கு வேண்டியதோ ஒரே ஒரு புள்ளிதான். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் அண்ணன் வைத்திருந்த ஜெராக்ஸ் கடை மேப்பில் சரியாக அந்த மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது. அவளைப் படிக்க வைத்ததே அந்தக் கடைதான். இப்போது புதுப் பிள்ளைகள் யாரும் வராமல் அண்ணன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த வருடமும் இப்படியே போனால் மூட வேண்டியதுதான்.

ஆனாலும் அண்ணனுக்கு மேப் விஷயத்தில் இஷ்டமில்லை. “பதினோரு வருஷமா ஒரு ஆபீசரும் இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. நாம பாட்டுக்கு இருக்கோம், விடும்மா” என்றான். சரியான பயந்தாங்கொள்ளி என்று அவள் சிரித்தாள்.

விதிப்புத்தகத்தை அவளும் வரி விடாமல் படித்தாள். லோகோவை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதற்கும் ஓர் அளவு இருந்தது. அந்த அளவுக்குச் சுருக்கியதும் வெற்றிடமும் சுருங்கி, புள்ளி தப்பித்து வெளியே வந்துவிட்டது. ஸ்கேல் இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

வகுப்புகள் தொடங்கிய அன்று வளாகமெங்கும் மேப் ஒட்டப்பட்டது. மூன்றாம் நாள் மதியம் அவள் போனபோது கடை வாசலில் ஒரே கூட்டம். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அணைத்து வைத்த மிஷின்மேல் ஒரு நோட்டீஸ் கிடந்தது. அனுமதி இல்லாத கட்டடமாம், ஒரு வாரத்தில் இடித்துவிடுவார்களாம். வளாகத்தின் இடம், கட்டடங்களைக் கவனிக்கும் எஸ்டேட் ஆபீசர் டேப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். அண்ணன் தலை நிமிரவே இல்லை.

“இத்தனை வருஷம் விட்டுட்டு இப்ப ஏன் சார்?” அவள் டேப்புக்குக் குறுக்கே போய் நின்றாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து மேப்பை எடுத்து விரித்தார்.

“இங்க ஒரு கடை இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதும்மா. யாரு வரைஞ்சாங்களோ, கரெக்டா போட்டிருக்காங்க.”