இணைந்த கருவிகள்: இரண்டு

ஓசூருக்கு வந்து பதினோரு நாளாகியும் சுகிர்தா தன் விலாசத்தை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சிம் கார்டையும் மாற்றிவிட்டாள். அன்று காலைதான் மாடி அறையில் மடிக்கணினியைத் திறந்து, போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டாள். பழைய வீட்டில் வைத்திருந்த அதே பெயர், அதே பாஸ்வேர்டு. மாற்ற வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. 'இணைந்த கருவிகள்: இரண்டு' என்றது போன். தொட்டுப் பார்த்தாள். ஒன்று அவளுடைய மடிக்கணினி. மற்றது 'ஜெபசிங் போன்'. யாருக்குப் பயந்து ஓடிவந்தாளோ, அந்தக் கணவனின் பெயர். இரண்டு சுவர் தாண்டினாலே எட்டாத சிக்னல் அது.

ஜன்னலைச் சாத்திவிட்டு, கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்காவைப் போனில் அழைத்தாள்.

"அக்கா, யாராச்சும் வந்திருக்காங்களா?"

"பக்கத்து ரூமைப் பாக்க ஒருத்தரு வந்தாரும்மா. பாத்துட்டு அப்பவே போயிட்டாரே. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

திரையில் அந்தப் பெயர் அப்படியே இருந்தது. ஹாட்ஸ்பாட்டை அணைக்கப் போன விரலை இழுத்துக்கொண்டாள். அணைத்துவிட்டால் அவன் போய்விட்டானா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. கதவைத் தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இரண்டு ஒன்றாவதற்காகக் காத்திருந்தாள்.